மூடியைக் கழற்றிப் பார்!

இணையச் சந்தையில் பழைய வீடியோ கேம் சாமான்கள்: படத்தில் தெரியாத தரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இபே தளத்தில் ‘போக்கிமான் எமரால்டு’ என்று தேடிப் பாருங்கள். ஒளி ஊடுருவும் பச்சை பிளாஸ்டிக்கில் கேசட்டுகள் வரிசைகட்டி நிற்கும். அமெரிக்கக் கடைகளுக்கு இந்த கேம் பாய் அட்வான்ஸ் கேம் வந்தது 2005-ல். இருபது வயதான பொருள் என்றால் லேபிளின் ஓரமாவது கொஞ்சம் உரிந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு பையன் தன் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்கியிருக்க வேண்டும். இந்தக் கேசட்டுகளில் அப்படி எதுவும் இல்லை. நேற்று அச்சகத்திலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பளபளக்கின்றன. விலையோ, பக்கத்திலேயே ‘ஒரிஜினல்’ என்று சத்தியம் செய்து விற்பவர் கேட்பதில் சிறு பங்கு. கீழே ஐந்து நட்சத்திரம். ‘சீக்கிரம் வந்து சேர்ந்தது, அருமையாக ஓடுகிறது’ என்று வாங்கியவர்களின் பாராட்டு வேறு.

அந்தப் பாராட்டில் பொய் இருக்காது. சீக்கிரம்தான் வந்திருக்கும், அருமையாகத்தான் ஓடியிருக்கும், அன்றைக்கு. பார்சலைப் பிரித்த சூட்டிலேயே நட்சத்திரம் போட்டுவிடுகிறோம். சேவ் செய்த ஆட்டம் அழிவது, மெமரி கார்டு படுப்பது, பேட்டரி உப்புவது எல்லாம் மாதக்கணக்கில் கழித்து நடக்கிற சங்கதிகள். அப்போது யாரும் திரும்பிப் போய் நட்சத்திரத்தைப் பிடுங்குவதில்லை. ஆகவே இந்தச் சந்தையில் நட்சத்திரம் சொல்வது தபால் வேகத்தைத்தான். பொருளின் தரம் போர்டில் இருக்கிறது. அந்த போர்டைக் காட்டுகிறாரா, காட்ட மறுக்கிறாரா என்பதுதான் விற்பவரைப் பற்றி நமக்குக் கிடைக்கிற முதல் நம்பகமான தகவல்.

சந்தை என்றால் ஒரே சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரிஜினல் வேஷம் போட்ட நகல் கேசட்டுகள் ஒரு ரகம். நூற்றுக்கணக்கான கேம்களை மெமரி கார்டிலிருந்து ஓட்டும் ஃபிளாஷ் கேசட்டுகள், பழைய கேம் பாய்க்கு மாட்டும் புது ஸ்கிரீன்கள், பழைய சர்க்யூட்டையே சிப்பில் மறுபடி உருவாக்கும் எஃப்பிஜிஏ போர்டுகள் என்று ஹாபிக்காரர்கள் தாங்களே வடிவமைத்தவை இன்னொரு ரகம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற கையடக்க எமுலேட்டர் பெட்டிகள் மூன்றாவது. மூன்றிலும் ஏமாற்று வேலை வேறு வேறு இடத்தில் நடக்கிறது.

நம்மூருக்கு இது புதுக்கதையும் இல்லை. நின்டெண்டோ தன் ஃபேமிகாமை ஜப்பானில் 1983-ல் வெளியிட்டது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் டி.வி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ‘வீடியோ கேம்’ பெட்டிகளில் பெரும்பாலானவை அதன் நகல்கள். கூடவே வந்த கேசட்டில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது சில டஜன் கேம்கள். கான்ட்ராவே முதல் ஸ்டேஜிலிருந்து ஒரு பெயரில், மூன்றாம் ஸ்டேஜிலிருந்து இன்னொரு பெயரில், கூடுதல் உயிரோடு வேறொரு பெயரில் என்று சுற்றிச் சுற்றி வரும். தெரிந்தும் யாரும் சண்டைக்குப் போகவில்லை. அந்தக் கேசட்டைத் திறந்தால் சிப் என்று ஒன்று கண்ணில் படாது. சிலிக்கன் துண்டை நேராக போர்டில் ஒட்டி, மேலே கறுப்பு எபாக்சியை ஊற்றி மூடியிருப்பார்கள். மலிவு உற்பத்தியில் அது சகஜம், ஆனால் யார் செய்தது, எந்த வருடம் என்று படிக்க வழியில்லாமல் போகும். இன்றைய நகல்காரர்கள் பரவாயில்லை. எண் அச்சடித்த சிப்பையே வைக்கிறார்கள். அதனால் படிக்கத் தெரிந்தவருக்கு போர்டே வாக்குமூலம் கொடுத்துவிடும்.

எமரால்டின் உதட்டுக்குள்

எமரால்டு கேசட்டையே கையில் எடுத்துக்கொள்வோம். லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒரிஜினலில் பெரும்பாலும் இரண்டு இலக்க எண் ஒன்று காகிதத்தில் அழுந்தியிருக்கும். சில சமயம் அதோடு ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கும். மையே கிடையாது, வெறும் அழுத்தம்தான். நகல் செய்பவர்கள் லேபிளை ஸ்கேன் செய்து அச்சடிக்கிறவர்கள் என்பதால் பல நகல்களில் இது விடுபட்டுப் போகும். அடுத்து, கேசட்டைத் தலைகீழாகப் பிடித்துச் செருகும் வாயைப் பாருங்கள். தங்கநிறப் பட்டைகளுக்குச் சற்று மேலே, போர்டின் மேல் ‘நின்டெண்டோ’ என்ற பெயர் பொறித்திருக்கும். கேசட்டைத் திறக்காமலே கண்ணில் படுகிற இடம் அது. விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் படம் இதுதான். லேபிளைப் பத்து கோணத்தில் படம் எடுத்துப் போட்டவர் இந்த ஒரு படத்துக்கு மட்டும் ‘கேமரா சரியில்லை’ என்றால், விடை கிடைத்துவிட்டது.

உள்ளே போனால் இன்னும் சுவாரஸ்யம். ஒரிஜினல் எமரால்டில் ஒரு சின்ன வட்ட பேட்டரி உண்டு. அதன் ஒரே வேலை கடிகாரத்தை ஓட்டுவது. ஆட்டத்தின் சேவ் தனியாக ஃபிளாஷ் மெமரியில் பதிவாகிறது. எனவே பேட்டரி செத்தாலும் சேவ் பிழைத்துக்கொள்ளும். நட்ட பழச்செடிகள் வளராது, அவ்வளவுதான். மலிவு நகல்கள் பலவற்றில் கடிகாரமே கிடையாது. சிலவற்றில் சேவ் முழுக்க பேட்டரியின் தயவில் இருக்கும் மெமரியில் போய் உட்காரும். அந்த பேட்டரியும் பாதி தீர்ந்த சரக்காக இருந்தால், முப்பது நாற்பது மணி நேரம் ஆடி வளர்த்த அணி ஒருநாள் காலையில் காணாமல் போய்விடும். நட்சத்திரம் போட்டு வெகுநாள் ஆகியிருக்கும்.

நகல் என்று சொல்லியே, நகலின் விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். காப்புரிமைக் கணக்கில் அதுவும் தப்புதான் என்றாலும், வாங்குபவரை அவர்கள் ஏமாற்றவில்லை. ஒரிஜினலின் விலையை வாங்கிக்கொண்டு நகலைக் கொடுப்பவர்தான் நம் பர்ஸுக்கு எதிரி. ஆனால் இரண்டு பேரிடம் வாங்கினாலும் வரக்கூடிய ஒரு தொல்லை உண்டு, அது கேசட்டோடு நிற்காது, செருகுகிற கேம் பாயையும் பதம் பார்க்கும்.

ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவே

1989-ல் வந்த முதல் கேம் பாயும் 1998-ல் வந்த கேம் பாய் கலரும் கேசட்டுக்குக் கொடுப்பது 5 வோல்ட். 2001-ல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் தன் சொந்தக் கேசட்டுகளுக்கு 3.3 வோல்ட்தான் கொடுக்கும். பழைய கேசட்டைச் செருகினால் தானாக ஐந்துக்கு மாறிக்கொள்ளும். அதைச் செய்வது செருகும் வாய்க்குள் இருக்கிற ஒரு சின்ன சுவிட்ச். பழைய கேசட்டின் உடம்பு அதை அழுத்தும். அட்வான்ஸ் கேசட்டின் உருவம் அந்த இடத்தில் விலகிக்கொள்ளும். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு காதலே உண்டு. ஒரு வரி புரோகிராம் இல்லாமல் பிளாஸ்டிக்கின் வடிவத்தாலேயே வோல்ட்டேஜைத் தீர்மானித்திருக்கிறார்கள்.

இன்று விலை மலிவாகக் கிடைக்கிற ஃபிளாஷ் மெமரி சிப்புகள் பெரும்பாலும் 3.3 வோல்ட் ரகம். 2.7 முதல் 3.6 வோல்ட் வரை அவற்றுக்குச் சம்மதம். அதே சிப்பை அட்வான்ஸ் கேசட்டில் வைத்தால் பொருத்தம், முதல் கேம் பாய் கேசட்டில் வைத்தால் வதை. ஐந்து வோல்ட் நேராகப் பாய்கிறது. சிப் சூடாகும், இருந்தும் ஓடும். ஓடுவதுதான் பிரச்சினையே. முதல் நாளே கருகிவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடலாம்.

சில பட்டறைக்காரர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். மின்சாரம் வரும் பாதையில் இரண்டு டையோடுகளை அடுத்தடுத்து வைத்துவிடுவது. ஒவ்வொன்றும் 0.7 வோல்ட் அளவுக்கு விழுங்கும், மிச்சம் 3.6. சிப்பின் சாப்பாடு சரியாகிவிட்டது என்று ஒரு திருப்தி. ஆனால் கேம் பாய் கேசட்டில் இருக்கிற 32 பட்டைகளில் முகவரிக்கு 16, தரவுக்கு 8 என்று இருபத்து நான்கு கம்பிகள் இன்னமும் 5 வோல்ட் கணக்கில்தான் பேசுகின்றன. அந்த உபரி மின்னழுத்தம் சிப்பின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடுகள் வழியாக ஒழுகுகிறது. அந்த ஒழுகலுக்கான மின்சாரத்தைக் கொடுக்க வேண்டியது கேம் பாயின் பிராசஸர். அதை வடிவமைத்தவர்கள் இப்படி ஒரு சுமையை எதிர்பார்க்கவில்லை.

நேர்மையாகச் செய்பவருக்கு இரண்டு வழி. ஒன்று, 5 வோல்ட் ஃபிளாஷ் சிப்பையே வாங்குவது. எஸ்எஸ்டி39எஸ்எஃப்040 என்ற சிப் இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. ஆனால் அதன் கொள்ளளவு 512 கிலோபைட். ‘போக்கிமான் ரெட்’ ஒரு மெகாபைட், அதில் அடங்காது. இன்னொரு வழி, 3.3 வோல்ட் சிப்பை வைத்து, ரெகுலேட்டரும் வோல்ட்டேஜை மாற்றித் தரும் இடைச் சிப்புகளும் சேர்ப்பது. 74எல்விசி245 என்ற குடும்பம் இதற்குப் பேர்போனது. இருபது கால் ரகம், நாற்பத்தெட்டு கால் ரகம் என்று வரும். இவற்றையெல்லாம் சேர்த்தால் போர்டில் இடமும் கூடும், செலவும் கூடும். அந்தச் செலவைத்தான் பட்டறைக்காரர் மிச்சம் பிடிக்கிறார்.

ஆகவே விற்பவர் அனுப்பிய போர்டு படத்தைப் பெரிதாக்கி மெமரி சிப்பின் எண்ணைப் படியுங்கள். அதில் 29எஃப் என்று இருந்தால் 5 வோல்ட் ரகம். 29எல்வி என்றால் 3 வோல்ட் ரகம். எஸ்எஸ்டி39 வரிசையில் எஸ்எஃப் என்றால் ஐந்து, விஎஃப் என்றால் மூன்று. எல்வி என்று இருந்து, பக்கத்தில் இடைச் சிப் எதுவுமே இல்லையென்றால், அது பழைய கேம் பாய்க்கான கேசட்டாக இருந்தால், வாங்காதீர்கள். 5 வோல்ட்டில் ஓடும் சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் கேசட்டுகளுக்கும் இதே கணக்குதான்.

இது உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா என்று ஹாபிக்காரர்களிடையே வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறது. ‘எனக்கு ஐந்து வருடமாக ஓடுகிறது’ என்று ஒரு கட்சி, ‘டேட்டாஷீட்டைப் படி’ என்று இன்னொரு கட்சி. என் கட்சி இரண்டாவது. கேசட் செத்தால் போகட்டும், இன்னொன்று வாங்கலாம். 1989-ன் கேம் பாய் பிராசஸரை இன்று யாரும் தயாரிப்பதில்லை.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, எண்ணே பொய்யாக இருக்கலாம். மின்குப்பையிலிருந்து பிடுங்கிய சிப்பின் மேல்பரப்பைத் தேய்த்து, கறுப்பு பூசி, வேறு எண் அச்சடித்து விற்பது பெரிய தொழில். கமடோர் 64 கணினியின் ஒலிக்குப் பெயர் வாங்கித் தந்த எஸ்ஐடி சிப் இதில் அதிகம் அடிபட்டது. 1982-ல் வந்த கணினி அது. அதன் சிப் தயாரிப்பு நின்றும் பல காலம். ஆனாலும் இணையத்தில் ‘புத்தம் புதியது’ என்று பத்து பத்தாகக் கிடைக்கும். வாங்கி மாட்டினால் சத்தமே வராது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் மேல்பரப்பைத் துடைத்தால் பஞ்சு கறுத்து எழுத்து கரைகிறதா என்று பார்ப்பது பழைய சோதனை. வார்ப்பில் விழுந்த சின்னக் குழிகளுக்குள்ளும் பூச்சு நிரம்பியிருந்தால் சந்தேகம் உறுதி.

கேசட்டின் விளிம்பைப் பற்றி இரண்டே வார்த்தை. சாதாரண சர்க்யூட் போர்டின் தடிமன் 1.6 மி.மீ. கேம் பாய் கேசட் போர்டு அதில் பாதி, சுமார் 0.8 மி.மீ. தடித்த போர்டைத் திணித்தால் கேம் பாயின் உள் ஊசிகள் விரிந்துவிடும், பிறகு ஒரிஜினல் கேசட்டும் அதில் பிடிக்காது. செருகும் விளிம்பைச் சாய்வாகச் சீவியிருக்கிறார்களா, பட்டை வெள்ளி நிறத்தில் ஈயம் பூசியதா தங்கம் பூசியதா என்று பாருங்கள். தங்கத்திலும் இரண்டு வகை. மலிவான பூச்சு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அடிக்கடி செருகி உருவும் பொருளுக்குக் கெட்டித் தங்கம் வேண்டும், அது அதைவிடப் பல மடங்கு தடிமன். நல்ல தயாரிப்பாளர் எதைப் போட்டிருக்கிறார் என்பதைத் தானாகவே சொல்லிக்கொள்வார், ஏனென்றால் அதற்கு அவர் காசு கொடுத்திருக்கிறார்.

பதினையாயிரம் கேம், ஒரே கார்டு

கையடக்கப் பெட்டிகளுக்கு வருவோம். ‘ஆர்36எஸ்’ என்பது இந்த ரகத்தில் ரொம்பப் பிரபலம். மூன்றரை அங்குல ஸ்கிரீன், 640-க்கு 480 புள்ளிகள், ராக்சிப் கம்பெனியின் ஆர்கே3326 சிப், ஒரு ஜிபி ராம். இந்த விலைக்கு உண்மையிலேயே நல்ல சாமான். முதல் பிளேஸ்டேஷன் கேம்கள் வரை சுகமாக ஓடும். பிளேஸ்டேஷன் 2 ஓடும் என்று யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடலாம்.

வினோதம் என்னவென்றால், மலிவான இந்தப் பெட்டிக்கே டூப்ளிகேட் வந்துவிட்டது. அதே பெயர், அதே பிளாஸ்டிக், அதே பட்டன். உள்ளே வேறு போர்டு, சிலவற்றில் வேறு சிப். ஒரிஜினலுக்காக ஹாபிக்காரர்கள் இலவசமாகச் செய்து வைத்திருக்கிற ஆர்க்ஓஎஸ் மென்பொருளை இவற்றில் அப்படியே போட்டால் ஸ்கிரீன் கறுப்பாகவே நிற்கும். ஒரிஜினலிலும் ஸ்கிரீன் பேனல் தொகுதிக்குத் தொகுதி மாறும். அதற்கேற்ற ஃபைலை மாற்றி வைக்க வேண்டியிருக்கும். ஆகவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை கேம் இருக்கிறது?’ என்பதில்லை. ‘ஆர்க்ஓஎஸ் ஏறுமா, எந்த பேனல்?’ என்பதுதான். பதில் தெரிந்த கடைக்காரரிடம் நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

ஸ்கிரீனைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கணக்கு. பழைய கேம்களின் ஒவ்வொரு புள்ளியையும் முழு மடங்காகப் பெரிதாக்கினால்தான் படம் கூர்மையாக இருக்கும். கேம் பாயின் படம் 160-க்கு 144. 640-க்கு 480 ஸ்கிரீனில் அது மூன்று மடங்காகும், சுற்றிலும் கறுப்பு விளிம்போடு. ஃபேமிகாமின் 256-க்கு 240 இரண்டு மடங்கில் உயரத்தை அச்சாக நிரப்பிவிடும். அட்வான்ஸின் 240-க்கு 160 மட்டும் மாட்டிக்கொள்ளும். இரண்டு மடங்கு என்றால் சின்னது, அகலத்தை நிரப்ப 2.67 மடங்கு வேண்டும், அப்போது சில புள்ளி தடித்தும் சில புள்ளி மெலிந்தும் நிற்கும். நகரும்போது எழுத்துகள் நெளிவது தெரியும். அனலாக் கம்பெனி 2021 இறுதியில் வெளியிட்ட பாக்கெட் என்ற பெட்டியில் 1600-க்கு 1440 புள்ளிகள் வைத்தது சும்மா இல்லை, கேம் பாயின் படத்துக்கு அது சரியாகப் பத்து மடங்கு. பழைய கேம் பாயில் மாட்டும் புது ஐபிஎஸ் ஸ்கிரீன் வாங்குகிறவர்களும் விற்பனைப் பக்கத்தில் ‘எச்டி’ என்ற சொல்லை விட்டுவிட்டு இந்த எண்களைத் தேடுங்கள். அட்வான்ஸுக்கு 720-க்கு 480 என்றால் மூன்று மடங்கு, பொருத்தம்.

கூடவே வருகிற மெமரி கார்டு இந்தப் பெட்டியின் பலவீனமான உறுப்பு. பெயரில்லாத கார்டு, அதில் ‘15,000 கேம்’. அன்றைய 9999-ன் பேரன். இதில் உரிமம் வாங்கியது என்று எதுவும் கிடையாது, நகல் கேம்களைத் திணித்து விற்பது விற்பவரின் குற்றம், அது தனிக் கதை. தரத்தின் கதை என்னவென்றால், 64 ஜிபி என்று எழுதியிருக்கும் கார்டில் 64 ஜிபி இருக்கிறதா என்பதே சந்தேகம். கார்டின் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் கணினியிடம் ‘நான் 64’ என்று பொய் சொல்லும். உண்மையான இடம் தீர்ந்ததும், புதிதாக எழுதுவது ஒன்று பழையதன் மேலேயே விழும், இல்லையென்றால் காற்றில் கரையும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்துக் கையும் களவுமாகப் பிடித்துவிடும். பொறுமை வேண்டும், சில மணி நேரம் ஓடும். எப்படியானாலும் சிஸ்டம் ஃபைல்களை வேறொரு நல்ல கார்டுக்கு மாற்றிவிட்டு, வந்த கார்டை ஓரமாக வைப்பதுதான் இந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்கிற முதல் காரியம்.

இன்னொரு சின்னச் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதற்கு ஒரு கேபிள் போதும். இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிளில், நல்ல சார்ஜரில் மாட்டிப் பாருங்கள். பல மலிவுப் பெட்டிகள் சார்ஜே ஆகாது. பழைய அகலமான யூஎஸ்பி முனையுள்ள கேபிளில் மட்டும் ஆகும். காரணம், டைப்-சி சாக்கெட்டின் பின்னால் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை விட்டுவிட்டார்கள். அவை இருந்தால்தான் சார்ஜருக்கு எதிர்முனையில் ஒரு கருவி இருப்பது தெரியும். ஒரு ரெசிஸ்டரின் விலை சில பைசா. பெரிய இடத்திலும் இந்தத் தடுமாற்றம் நடந்திருக்கிறது. 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4-ன் முதல் பதிப்பில் இரண்டுக்குப் பதில் ஒரே ரெசிஸ்டரை வைத்து, சில கேபிள்களில் மின்சாரமே வராமல் போனது. அவர்கள் ஒப்புக்கொண்டு அடுத்த போர்டில் திருத்தினார்கள். பெயரில்லாத பட்டறையில் திருத்தச் சொல்லி யாரிடம் கேட்பது? பைசாக்கணக்கில் மிச்சம் பிடித்தவர் லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட்டில் தாராளம் காட்டியிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

வரைபடம் திறந்தது, பொறுப்பு யாருடையது?

ஹாபி உலகத்தின் சிறந்த பொருட்கள் பலவற்றின் வடிவமைப்பு வெளிப்படையானது. மிஸ்டர் எஃப்பிஜிஏ என்ற திட்டம் நல்ல உதாரணம். டெராசிக் கம்பெனியின் டிஇ10-நானோ என்ற கல்வி போர்டை அடித்தளமாக வைத்து, பழைய கேம் இயந்திரங்களின் சர்க்யூட்டுகளை ஹாபிக்காரர்கள் ஒவ்வொன்றாகச் சிப்பில் மறுபடி எழுதினார்கள். அதோடு சேர்க்கும் மெமரி போர்டு, இணைப்பு போர்டு எல்லாவற்றின் வரைபடமும் யாரும் எடுத்துச் செய்யலாம் என்று திறந்து வைத்திருக்கிறது. ஆக, ஒரே வரைபடத்தில் பத்துப் பேர் செய்கிறார்கள். ஒருவர் நல்ல மெமரி சிப் வாங்குகிறார். இன்னொருவர் பிடுங்கிய சிப்பை ஒட்டுகிறார். படத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வேகத்தைக் கூட்டினால் இரண்டாவது திணறும். நல்ல வேளையாக, அந்தத் திட்டத்திலேயே மெமரி சோதனை ஒன்று இருக்கிறது. எந்த வேகம் வரை பிழையில்லாமல் ஓடியது என்று ஸ்கிரீனில் காட்டும். அந்த ஸ்கிரீனைப் படம் எடுத்து, விற்பனைப் பக்கத்தில் போடுகிற கடைக்காரர்கள் உண்டு. அவர்களிடம் வாங்குங்கள்.

வடிவமைத்தவரிடமே வாங்கக்கூடிய பொருளை அவரிடமே வாங்குவது இன்னும் நல்லது. எவர்டிரைவ் என்ற ஃபிளாஷ் கேசட்டுகளைச் செய்பவர் உக்ரைன்காரர், கிரிக்ஸ் என்ற பெயரில் இந்த வட்டாரம் முழுக்க அறிமுகம். அவருடைய கேசட்டுகளுக்கு டூப்ளிகேட் ஏராளம். அவற்றில் சில நன்றாகவும் ஓடுகின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் புதிய ஃபர்ம்வேர் வந்து டூப்ளிகேட்டில் ஏற்றி அது நின்றுபோனால் கேட்க நாதியில்லை.

டூப்ளிகேட்டில் எத்தனை தூரம் போவார்கள் என்பதற்கு நின்டெண்டோ டிஎஸ் காலத்து ஆர்4 ஃபிளாஷ் கேசட் ஒன்றே போதும். அசல் தயாரிப்பு நின்ற பிறகு அந்தப் பெயரில் எண்ணற்ற நகல்கள் வந்தன. அவற்றில் சிலவற்றின் மென்பொருளுக்குள் ஒரு தேதியை ஒளித்து வைத்திருந்தார்கள். அந்தத் தேதி தாண்டியதும் மெனு வராது. பொருள் பழுதாகவில்லை, பழுதானதாக நடிக்கிறது. இன்னொன்று வாங்க வைப்பதுதான் நோக்கம். ஹாபிக்காரர்கள் கண்டுபிடித்து, வேறு மென்பொருளை ஏற்றி அந்தக் கேசட்டுகளை உயிர்ப்பித்தார்கள். சிலர் டிஎஸ்ஸின் தேதியைப் பின்னுக்குத் தள்ளியே காலத்தை ஓட்டினார்கள்.

இந்தியாவில் வாங்குகிறவருக்குக் கூடுதலாக ஒரு திரை உண்டு. சீன விற்பனைத் தளமான அலிஎக்ஸ்பிரஸின் செயலியை மத்திய அரசு 2020 நவம்பரில் தடை செய்தது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் தமிழர் சீனக் கடைக்காரரிடம் நேராகப் பேசி போர்டு படம் கேட்கலாம். இங்கே, யாரோ ஒருவர் மொத்தமாக வரவழைத்துப் பொதுத் தளங்களில் விற்பதைத்தான் வாங்குகிறோம். அவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி நேரில் போய் வாங்கும் இடத்தில் கார்டைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லலாம். அந்த வசதிக்காகக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயமே.

ஜப்பானிலிருந்து பழைய ஒரிஜினல் ஃபேமிகாம் வரவழைக்கிறவர்கள் அடாப்டரைத் தொடாதீர்கள். அது 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் இருப்பது 230. மாற்று அடாப்டர் வாங்கும்போது பின்னின் நடுவில் எதிர்மின் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள், நம்மூரில் சாதாரணமாகக் கிடைப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. அமெரிக்க மாடலுக்கு என்று விற்கும் அடாப்டர் ஏசி மின்சாரம் கொடுக்கும் ரகம். அதை ஃபேமிகாமில் மாட்டினால் அன்றோடு கதை முடிந்தது.

பார்சல் வந்த அன்றே திறந்துவிடுவது நல்லது, ஏனென்றால் பணம் திரும்பக் கேட்கும் அவகாசம் பெரும்பாலான தளங்களில் நாள் கணக்கில்தான். திறப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சிப் எண், ஈயம் வைத்த இடங்கள், பேட்டரி மூன்றும் ஃபோகஸில் வரட்டும். ஈயம் வைத்த இடம் மங்கலாகவும் உருண்டையாகவும் இருந்தால், சுற்றிலும் ஒட்டும் பிசுக்கு கழுவாமல் கிடந்தால், கையால் அவசரத்தில் செய்தது. பேட்டரியை சால்டர் வைத்து நேராக அதன் உடம்பில் ஒட்டியிருந்தால் அந்தக் கேசட்டில் எதையும் சேவ் செய்து நம்ப வேண்டாம். ஒரிஜினலில் உலோகத் தகடை வெல்டு செய்து, அந்தத் தகடைத்தான் போர்டில் ஒட்டியிருப்பார்கள்.

திறப்பதற்கு வீட்டில் இருக்கும் ஸ்குரூ டிரைவர் உதவாது. கேம் பாய், சூப்பர் நின்டெண்டோ கேசட்டுகளுக்கு 3.8 மி.மீ. கேம்பிட், அட்வான்ஸ் கேசட்டுக்கு மூன்று இதழ் டிரை-விங். இரண்டும் அதே தளங்களில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன, அதே ஐந்து நட்சத்திரத்தோடு. அதிலும் மட்டமான உலோகம் உண்டு, இரண்டாவது திருகிலேயே வாய் விரிந்து கேசட்டின் திருகையும் சேர்த்து வழித்துவிடும். முனை எஸ்2 ஸ்டீல்தானா என்று பார்த்து வாங்குங்கள்.